விதைக்கு விட்ட பீர்க்கங்காய்

என் மல்லிகாவுக்கு,

கோபப்படாமல் கேள். உன் தோட்டம் போய்விட்டது.

இந்த ஐப்பசி மழைத் தண்ணீர் நம் வீட்டுப் பின்பக்கம் நான்கு நாள் நின்றது. வற்றுவதற்குள் அடுத்த மழை. தக்காளி காயிலேயே வெடித்தது. கத்தரியில் பூ ஒன்றுவிடாமல் கொட்டியது. வெண்டைச் செடி நின்றபடியே மஞ்சளாகி, இழுத்தால் அழுகிய வேரோடு கையில் வந்தது. கீரைப் பாத்தி இருந்த இடத்தில் சேறுதான் மிச்சம்.

நீ இருந்தபோதும் மழை பெய்தது. தண்ணீர் பின்னாலிருந்த காலிமனைக்கு ஓடிவிடும். இப்போது அங்கே அடுக்குமாடி வந்து, மண் கொட்டி மேடாக்கிவிட்டார்கள். முன்பக்கம் ரோடு போடும்போதெல்லாம் பழைய ரோட்டின் மேலேயே போடுகிறார்கள். மேனாம்பேட்டில் நம் வீடு மட்டும் கிண்ணம் மாதிரி நடுவில் உட்கார்ந்திருக்கிறது. மனு எழுதிக்கொண்டு கார்ப்பரேஷன் ஆபீசுக்கு மூன்று முறை நடந்தேன். "பெரியவரே, மழை நின்னதும் வந்து பாக்கறோம்" என்றார் அங்கிருந்தவர். மழை நின்ற பிறகு எதைப் பார்க்க வருவார்?

எதிர்வீட்டு முனுசாமிக்கு ஆட்டோவை வெளியே எடுக்க முடியவில்லை. சும்மா இருப்பானா? "இன்னா நைனா, பின்னால கத்திரி போட்டுகீறியா, தாமர போட்டுகீறியா?" என்று கத்தினான். "நீ மொதல்ல உன் ஆட்டோவுக்கு ஒரு துடுப்பு வாங்குடா" என்றேன். அவன் முன்னால் நான் அழமாட்டேன்.

தக்காளிக்கும் கத்தரிக்கும் நான் இப்படி உட்கார்ந்து எழுதமாட்டேன். அந்த நாற்றெல்லாம் கடையில் கிடைக்கும். உன் பீர்க்கைக்காகத்தான் எழுதுகிறேன்.

நாம் இந்த வீட்டுக்கு வந்த வருடம், பூந்தமல்லியில் காய் விற்ற பாய் வீட்டு அம்மா ஒருவர், முற்றிப்போன காய் ஒன்றை உன்னிடம் சும்மா கொடுத்தார். அதிலிருந்து வந்த கொடி. முழங்கை நீளம் காய்க்கும், தோல்கூடக் கசக்காது. வருடம் தவறாமல் ஆடியில் போடுவாய். முதலில் வரும் காயில் சிவப்புத் துணி கட்டிவிடுவாய். "இது வெதைக்கு. கை வெச்ச, அன்னிக்கு உனக்கு சோறு கெடையாது" என்பாய். மழைக்கு முன்பே அது கொடியிலேயே காய்ந்துவிடும். ஆட்டினால் உள்ளே விதை கலகலக்கும்.

நீ போன பிறகு வந்த முதல் ஆடி இது. உன் டப்பாவில் இருந்த விதை அத்தனையும் போட்டேன். "பாதிய எடுத்து வைங்க மாமா" என்றாள் நம் மருமகள் ரேவதி. எனக்குத் தெரியாதா என்றேன். கொடி பந்தலை மூடிக்கொண்டது. நீ இல்லாமலும் என்னால் முடியும் என்று தெருவுக்கே காட்ட வேண்டும் போல இருந்தது. ஏன் அப்படி இருந்தது? முதல் காய், இரண்டாம் காய் என்று பறித்துப் பறித்து வீடு வீடாகக் கொண்டுபோனேன். புரட்டாசி முடிகிற நேரத்தில்தான் ஞாபகம் வந்து ஒரு காயில் துணி கட்டினேன். அது முற்றியது, காய்வதற்குள் மழை வந்துவிட்டது.

கொடி சாய்ந்ததும் காயை அறுத்து உள்ளே கொண்டுவந்தேன். பிளந்தால் விதை நன்றாகத்தான் கறுத்து முற்றியிருந்தது. ஆனால் ஒரே ஈரம், வழவழப்பு. வெயில் இல்லை. ஃபேனுக்கடியில் வைக்கக் கரண்டும் இல்லை.

இனி எழுதுவதை இதுவரை யாரிடமும் சொல்லவில்லை.

யாரும் சொல்லித்தராமல், பார்த்துப் பார்த்தே வெல்டிங் கற்றவன் நான். மழைக்காலத்தில் வெல்டிங் ராடு ஈரம் இழுத்துவிட்டால் பட்டறையில் சூடு காட்டித்தான் எடுப்போம். அந்த நினைப்பில், தோசைக்கல்லை அடுப்பில் வைத்து, சின்னத் தீயில் உன் விதைகளைப் பரப்பினேன். ரேவதி ஓடிவந்தாள்.

"மாமா, இன்னா பண்றீங்க? வெதயப் போயி வறுக்கறீங்க?"

"வறுக்கல. ஈரம் எடுக்கறேன்."

"வேணாம் மாமா. பேப்பர்ல பரப்பி வெச்சா மெதுவா தானே காயும்."

"நாப்பது வருசம் நெருப்போட பொழச்சவன் நான். எனக்கே பாடமா?"

அவள் வெளியே போய்விட்டாள். கொஞ்ச நேரத்தில் எள் வறுத்த மாதிரி வாசனை வந்தது, மல்லிகா. அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் அடுப்பை அணைக்கவில்லை. அணைத்தால் அவள் சொன்னது சரியென்று ஆகிவிடுமே.

பத்து விதையை ஈரத்துணியில் முடிந்து வைத்தேன். ஒரு வாரம் கழித்து அவிழ்த்தால் கொழகொழத்துப்போயிருந்தது. மீதியைத் தொட்டியில் போட்டு, மழை படாமல் படிக்கட்டில் வைத்து, தினமும் குனிந்து பார்த்தேன். ஒன்றும் வரவில்லை. விரலால் கிளறிப் பார்த்தேன். எல்லாமே அழுகியிருந்தது.

கேட்டவர்களிடமெல்லாம், "ஃபிளாட்டுக்காரன் மண்ணு கொட்டுனான், வெதயும் பூட்ச்சு" என்கிறேன். ரேவதி பக்கத்திலேயே நின்று கேட்கிறாள். என்னைக் காட்டிக்கொடுப்பதில்லை. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

நீ விதை கொடுத்த வீடுகளுக்கு அலைந்தேன். கள்ளிக்குப்பத்தில் உன் சினேகிதி வீட்டில் மண்ணே இல்லை, முழுக்க சிமெண்ட். மற்ற இரண்டு வீட்டிலும் எப்போதோ விட்டுவிட்டார்களாம். இன்னும் ஒரே வீடுதான் மிச்சம். காட்டுப்பாக்கத்தில் உன் தங்கை கமலா.

உன் பதினாறாம் நாள் காரியத்தன்று அவள் கேட்டாள். "மாமா, அக்கா டப்பாவுல பாதிய எனக்குக் குடுங்க. ரெண்டு எடத்துல இருந்தா, ஒண்ணு போனாலும் ஒண்ணு நிக்கும்." நான் என்ன சொன்னேன் தெரியுமா? "சாவு வூட்ல பங்கு கேக்க வந்தியா?" அவள் சாப்பிடாமலே எழுந்து போனாள். அப்புறம் பேச்சு வார்த்தை இல்லை. முன்பு நீ கொடுத்ததில் அவளிடம் ஏதாவது மிச்சமிருக்குமா? அவள் மாடியில் இந்த வருடம் கொடி இருந்ததா? எனக்குத் தெரியாது.

நேற்று போன் போட்டேன். "மாமாவா?" என்றாள். அப்படியே உன் குரல். வைத்துவிட்டேன்.

இந்தக் கடிதத்தை நம் பேட்டைப் பத்திரிகைக்குக் கொடுக்கிறேன். படிக்கிறவர்கள் யாராவது என் மனைவி கையால் அந்த விதை வாங்கியிருந்தால், ஒன்றே ஒன்று இருந்தாலும், தூக்கிப் போட்டுவிட வேண்டாம். கெஞ்சிக் கேட்கிறேன். நான் இதுவரை யாரிடமும் கெஞ்சியதில்லை என்று உனக்குத் தெரியும்.

மண் கொட்டி மேடாக்கினவர்களை நான் மன்னிக்கவில்லை. நான்காவது மனுவும் எழுதி வைத்திருக்கிறேன். அது வேறு.

நாளைக் காலை ரேவதியைக் கூட்டிக்கொண்டு காட்டுப்பாக்கம் போகிறேன். அவளை வைத்துக்கொண்டே கமலாவிடம் சொல்வேன்: விதையைக் கொன்றது மழை இல்லை, நான். கமலாவிடம் விதை இல்லாவிட்டாலும் சொல்வேன். கதவைச் சாத்தினால் திறக்கும்வரை வாசலில் நிற்பேன். மழை பெய்தாலும் நகரமாட்டேன். என் பிடிவாதம் உனக்குத் தெரியாததா? இது சத்தியம், மல்லிகா.

உன் வீட்டுக்காரன்,
தணிகாசலம்