மாடத்தி உட்கார்ந்த மூலை

உ
காளியம்மன் துணை

ஏழாயிரம்பண்ணை
2-8-1965

அன்பு மகன் சோலைமலைக்கு அம்மா செல்லத்தாய் எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் உடம்பளவில் ஒரு குறையுமில்லாமல் இருக்கிறோம், நீயும் பம்பாயில் காய்ச்சல் தலைவலி என்று படுக்காமல் நடமாட வேண்டும் என்று அம்மனிடம் கேட்டுக்கொண்டே இருக்கிறேன். மனசளவில் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்காதே, அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். உன் கடிதம் வெள்ளிக்கிழமையே வந்துவிட்டது, அன்றைக்கே பதில் எழுதியிருப்பேன், ஆனால் அன்று காலையில் உன் மாமா பெத்தணனுடைய பட்டாசுக் கம்பெனியில் நடந்த காரியத்தில் பேனாவைத் தொட முடியவில்லை. அப்பாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான், தைலம் தேய்த்துவிட்டால் குறைகிறது, தேய்க்க உட்காரச் சொன்னால் ஓடிவிடுகிறார். ஆனைக்குட்டத்தில் கட்டிக்கொடுத்த உன் தங்கச்சி வெள்ளைத்தாய்க்கு இது ஏழாம் மாதம், நீ வரமாட்டாய் என்று தெரிந்தும் வளைகாப்புக்கு அண்ணன் வருமா என்று ஆள் மேல் ஆளாக அனுப்பிக் கேட்கிறாள். இங்கே சொட்டு மழை கிடையாது, ஆடிக்காற்று ஓட்டைப் பெயர்க்கிறது. அங்கே குடை பிடித்தும் நனைகிறோம் என்று எழுதியிருக்கிறாய், அதில் பாதியை இந்தப் பக்கம் தள்ளிவிடக் கூடாதா.

உன் கடிதத்தை அப்பா சத்தமாக வாசித்தார், புரியாத இடத்தில் நிறுத்தித் திரும்பவும் வாசித்தார். ஒரு வீட்டு அகலத்துக்குக் கணக்குப் போடுகிற மெஷின், ஓடிக்கொண்டிருக்கும்போதே காரணமில்லாமல் நின்றுவிடுகிறது, சில நேரம் தப்புக் கணக்கைத் துப்புகிறது, மறுபடி ஓட்டினால் ஒன்றும் நடக்காதது போல ஓடுகிறது. கணக்கை ஞாபகம் வைத்துக்கொள்கிற பகுதி பழுதோ என்று சந்தேகப்பட்டீர்கள், அது பாசிமணி மாதிரி பொடிப்பொடி வளையங்களைக் கம்பியில் கோத்துத் தட்டுத் தட்டாக அடுக்கியது, ஒவ்வொரு தட்டாகக் கழற்றிப் பார்த்தால் எல்லாமே நல்ல தட்டாக இருக்கிறது. நின்ற நேரமெல்லாம் அதை ஓட்டுகிற நாற்காலியில் இருந்தவன் உன்னோடு வேலை பார்க்கிற சங்கரலிங்கம். அதனால் பெரிய அதிகாரி அவனை வேறு இடத்துக்கு மாற்றினார், அதற்குப் பிறகு மெஷின் நிற்கவே இல்லை, இப்போது அவனுடைய கவனக்குறைவுதான் காரணம் என்று உங்களிடம் கையெழுத்துக் கேட்கிறார், அந்தக் காகிதம் மேலே போனால் அவன் வேலையும் போய்விடும். இவ்வளவும் எழுதிவிட்டுக் கடைசியில் எழுதியிருக்கிறாய், எல்லாரும் போடுகிறார்கள் அம்மா, நானும் போட்டுவிடலாம் என்று இருக்கிறேன், அவன் போன பிறகு மெஷின் நிற்கவில்லை என்பது உண்மைதானே என்று. கூறுகெட்ட பயலே, உனக்கு அம்மை போட்டிருந்தபோது பக்கத்தில் வரப் பயப்படாமல் கஞ்சி வைத்துக் கொடுத்தவன் அந்தச் சங்கரலிங்கம் என்று நீதானே எழுதினாய்.

மாடத்தியை உனக்குத் தெரியும், கீழத்தெரு சீனிச்சாமியின் பெண்சாதி, நீ லீவில் வரும்போதெல்லாம் என்ன சின்னையா, அங்கன சோறே போட மாட்டாகளா என்று கேட்பாளே அவள்தான். மாமா கம்பெனியின் வெடிமருந்து ரூமில் காலையில் முதல் பிடி மருந்தைக் கைராசிக்காரி ஒருத்தி எடுத்துக் கொடுத்த பிறகுதான் மற்றவர்கள் கை வைப்பார்கள், பல வருசமாக அது மாடத்தி கைதான். அவள் உட்காருவது வடக்கு மூலை. பங்குனியில் அந்த மூலையில் திடீரென்று ஒரு தீ எழும்பி அவள் புருவத்தைப் பொசுக்கிவிட்டு அடங்கியது, சித்திரையில் மறுபடி வந்து முந்தானையைப் பிடித்தது. இரண்டு தடவையும் நல்லவேளை, தட்டில் மருந்து கொஞ்சம்தான். மாமா சும்மா இருக்கவில்லை, மருந்து மூட்டையை மாற்றினான், சல்லடையை மாற்றினான், மரத்தட்டு எல்லாவற்றையும் புதிதாகச் செய்து போட்டான், எதிலும் குற்றம் தெரியவில்லை. குற்றம் தெரியாவிட்டால் மனுசனால் சும்மா இருக்க முடியாது போலிருக்கிறது. ரெண்டு மட்டமும் தீ மாடத்தி கிட்டத்தானே வந்துச்சு, அவ ராசி கெட்டுப்போச்சு என்று யாரோ ஒருத்தி வாயை விட்டாள். அவ்வளவுதான், வாசலில் பூசணிக்காய் உடைத்தார்கள், மாடத்தியை வேலையிலிருந்து நின்றுகொள்ளச் சொல்லிவிட்டார்கள். இங்கே நின்றவளை வேறு எந்தக் கம்பெனியில் சேர்ப்பார்கள், காட்டில் முள் வெட்டப் போனாள்.

வைகாசியும் ஆனியும் ஒரு பொறி கிடையாது. மாமா வீட்டுக்கு வந்து, பாத்தியாக்கா, அவள நிப்பாட்டுனேன், தீயும் நின்னுபோச்சு என்று சொன்னான். நீ எழுதின அதே பேச்சுதான். அந்த இரண்டு மாதமும் சீசன் மந்தம், ரூமில் பாதிப் பேர்தான் இருந்தார்கள், வடக்கு மூலையில் யாரும் உட்காரவே இல்லை என்பது ஒருத்தர் புத்தியிலும் ஏறவில்லை. ஆடி பிறந்ததும் தீபாவளி ஆர்டர் வந்தது, ரூம் நிறைந்தது. கைராசிக்கு யாரை வைக்கலாம் என்று தேடி, போன தையில் கல்யாணமான பெண், கழுத்தில் மஞ்சள் காயவில்லை என்று ஊர்க்காவலன் பெண்சாதி வள்ளித்தாயை மாமாவே அந்த மூலையில் உட்கார வைத்தான். வெள்ளிக்கிழமை காலையில் முதல் பிடியை எடுத்துக் கொடுத்தாள், வெயில் ஏறுவதற்குள் தீ வந்துவிட்டது. லோடு அவசரத்தில் அன்றைக்குத் தட்டு நிறைய மருந்து, கீழேயும் சிந்திக் கிடந்திருக்கிறது. மற்றவர்கள் வாசல் பக்கம் இருந்ததால் ஓடிவிட்டார்கள். அவள் மூலையில் இருந்தாள். வண்டி கட்டி சாத்தூர் ரோட்டைத் தொடுவதற்குள் உயிர் போய்விட்டது. என்னால் அந்த முகத்தைப் பார்க்க முடியவில்லை சோலைமலை, பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை. இழவு வீட்டுக்கு மாடத்தி மாரில் அடித்துக்கொண்டு ஓடி வந்தாள், பெண்கள் மறித்து, நீ உக்காந்த எடந்தாண்டி அவளத் தின்னுருச்சு, இங்கன வராத என்று தெருவிலேயே நிறுத்திவிட்டார்கள், அவள் அங்கேயே புழுதியில் உட்கார்ந்து அழுதாள்.

நேற்றுக் காலையில் மாமா தண்ணீர் ஊற்றித் தரையைத் தேய்த்திருக்கிறான். மூலையில் கரியைச் சுரண்டினால் சிமிண்டுக்குள்ளிருந்து ஒரு இரும்பு முனை, பட்டாணி அளவுக்கு. அந்த ரூம் முன்பு ஆயில் இஞ்சின் நின்ற கொட்டகை அல்லவா, கரண்ட் மோட்டார் வந்ததும் இஞ்சினைத் தூக்கிவிட்டு, அதைப் பிடித்திருந்த போல்ட்டுகளைத் தரையோடு அறுத்து மேலே சிமிண்டு பூசினார்கள். மற்ற மூன்றும் உள்ளே கிடக்கின்றன, இந்த ஒன்றின் மேல் மட்டும் பூச்சு தேய்ந்து இரும்பு வெளியே வந்துவிட்டது, மேலே எப்போதும் சாக்கு கிடந்ததால் தெரியவில்லை. சாக்கு விலகி, மருந்து அதன் மேல் சிந்தி, யாராவது தட்டை அந்த இடத்தில் இழுத்தால் மருந்து இரும்பில் உரசித் தீ பிடிக்கும், இல்லாவிட்டால் பிடிக்காது. எப்போதும் வந்திருந்தால் முதல் நாளே கண்டுபிடித்திருப்பார்கள், எப்போதாவது வந்ததால்தான் ஒரு பொம்பளை தலையில் போட முடிந்தது. அவளை வாசல் பக்கம் மாற்றி உட்கார வைத்திருந்தால்கூட அந்த மூலையைச் சந்தேகப்பட்டிருப்பார்கள். மாமா வீட்டுக்கு வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான், அறுத்துப் பூசச் சொன்னவன் நாந்தானக்கா என்றான்.

சாயங்காலம் அவனை அழைத்துக்கொண்டு நானே மாடத்தி வீட்டுக்குப் போனேன். திட்டுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று நினைத்தேன், அப்படி ஒன்றும் செய்யவில்லை. அவன் இரும்பைப் பற்றிச் சொல்லி, திரும்ப வேலைக்கு வா என்று கேட்டதற்கு அவள் சொன்னது இது: ரெண்டு மட்டம் சுட்டதுல எனக்குப் பயம் விட்டுப் போகல மொதலாளி, அதுக்கப்பறம் இருந்த நாளெல்லாம் சிந்துனத ஈரத்துணியால ஒத்தி ஒத்தி எடுத்துட்டுத்தான் தட்டத் தொடுவேன், தட்டயும் இழுக்க மாட்டேன், தூக்கித்தான் வைப்பேன். அந்தப் புள்ளைக்கு அது தெரியாதே. சொல்றதுக்கு என்னைய அங்கன விடலியே நீங்க. உன் மாமா அழுதான், நானும் அழுதேன், அவள் அழவில்லை, எங்களை அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

உன் மெஷின் வெடிக்காது, யாரும் சாகப் போவதில்லை என்று சொல்வாய். சரி. ஆனால் கவனக்குறைவுக்காரன் என்று எழுதி அனுப்பினால் அந்தப் பையனை வேறு எவன் சேர்ப்பான், அவனும் எங்கேயாவது முள் வெட்டப் போக வேண்டியதுதான். நான் கேட்பது பைத்தியக்காரத்தனமாக இருந்தால் சிரித்துவிட்டுப் போ. சித்திரையில் எழுதின கடிதத்தில் நீதான் எழுதியிருந்தாய், வெயில் உச்சியில் இருக்கும்போதுதான் நிற்கிறது, ரூமைக் குளிர வைக்கிற மெஷின் மக்கர் பண்ணினால் இதுவும் மக்கர் பண்ணுகிறது, குளிர்ந்த பிறகு தட்டைக் கழற்றிப் பார்ப்பதால்தான் பழுது தெரியவில்லையோ என்று. இப்போது அதைப் பற்றி ஒரு வரி இல்லை. அவனை மாற்றின வாரமும் உங்கள் ஊரில் மழை இறங்கின வாரமும் ஒன்றுதான், மழை இறங்கிவிட்டது என்று நீ எழுதின கடிதத்தையும் இதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். மழை விட்டு வெயில் திரும்பட்டும், அவன் இல்லாமலே ஓட்டிப் பாருங்கள், சூடாக இருக்கும்போதே தட்டுகளை இடம் மாற்றிப் பாருங்கள், பிறகு யார் பேரை வேண்டுமானாலும் எழுதுங்கள் என்று உன் அதிகாரியிடம் சொல். கோபித்துக்கொள்வார், உன்னையும் சேர்த்து ஓரம் கட்டுவார். கட்டட்டும். உனக்கு வேலை போய்விட்டது என்று ஊரில் நாலு பேர் சிரித்தால் அப்பாவும் நானும் பதில் சொல்லிக்கொள்கிறோம், உனக்கு ஒரு வாய்ச் சோறு போட எங்களுக்குத் தெம்பு இருக்கிறது.

மழைக்காலத்தில் தலைக்கு எண்ணெய் தேய்த்து ஈரத்தோடு படுக்காதே, ஓட்டலில் மீந்த குழம்பைச் சாப்பிடாதே. கருப்பட்டியும் சுக்கும் சேர்த்து இடித்துப் பார்சல் அனுப்பியிருக்கிறேன், பாதி சங்கரலிங்கத்துக்கு, அதை உன் கையால் அவனிடம் கொடு, கொடுக்கும்போது அவன் முகத்தைப் பார்த்துக் கொடு. நோய் நொடி இல்லாமல், யாருடைய வயிற்றெரிச்சலுக்கும் ஆளாகாமல், நீண்ட ஆயுசோடு நீ இருக்க வேண்டும், அம்மன் உன் பக்கத்திலேயே நிற்பாள். மறந்துவிடாதே, பதில் எழுதும்போது கையெழுத்துப் போடவில்லை என்பதை முதல் வரியிலேயே எழுது. நீ சவுக்கியமா என்பதை அதற்கு அப்புறம் வாசித்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உன்னைப் பெற்றவள்
செல்லத்தாய்