ஸ்டூலின் உயரம்

பிப்ரவரி 3
சத்தியமாகச் சொல்கிறேன், இன்று எங்கள் வீட்டில் நடந்ததை எழுதினால் ஈரேழு பதினாலு உலகத்திலும் ஒருவர் நம்பமாட்டார். அக்கா மகள், எங்கள் மகாராணியார், பிஸ்கட் டப்பாவைக் கைப்பற்றப் படையெடுத்துப் போய், பீரோ உச்சியிலிருந்து தோள் தரையில் பட விழுந்தார். பூமி அதிர்ந்தது. எதிர்வீட்டுக் கடிகாரம் நின்றது. அக்கா வேலைக்குப் போயிருந்தாள். சாட்சி நான் ஒருவன்தான். (ஏறியது ஸ்டூலில் என்று எழுதினால் சரித்திரத்துக்கு அழகில்லை.)

பிப்ரவரி 4
தெருமுனை டாக்டர், "எங்கிருந்து விழுந்தா?" என்றார்.
"பீரோ மேலிருந்து டாக்டர். சிறகொடிஞ்ச கழுகு மாதிரி!"
அழுத முகத்தோடு மகாராணி களுக்கென்று சிரித்தாள். படம் எடுத்தார்கள். தோளுக்குக் கீழே எலும்பில் மயிரிழை மாதிரி ஒரு விரிசல்.
"அவ்வளவு உயரத்திலேர்ந்து விழுந்தா இது சகஜம். தானா கூடிடும்." கையைக் கழுத்தோடு தொங்கக் கட்டிவிட்டார். அக்காவுக்கு நிம்மதி.

பிப்ரவரி 13
நான் வேலை பார்க்கும் மரச்சாமான் கடையில், ஒரு யானைக் குடும்பமே படுத்துப் புரளலாம் என்று சொல்லி ஒரு கட்டில் விற்றேன். முதலாளி என் காலில் விழாத குறை. சாயங்காலம் மகாராணியிடம் அதைச் சொன்னபோது சிரிக்கப் போனவள் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

மார்ச் 6
கட்டு அவிழ்த்தாயிற்று. வலி மட்டும் வீட்டைக் காலி செய்யவில்லை. தலை வாரக் கையைத் தூக்க மாட்டேன் என்கிறாள்.
"உன் மருமகதானே? எதையும் ஊதிப் பெருசாக்காம இருப்பாளா? பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட வழி பாக்கிறா" என்றாள் அக்கா.
நானும் சேர்ந்து சிரித்தேன்.

மார்ச் 15
இன்று கதை வேண்டாம் என்றாள் மகாராணி.

மார்ச் 24
பெரிய ஆஸ்பத்திரி. எலும்பு டாக்டர் ஒரு சிடுமூஞ்சி அம்மாள்.
"எப்படி விழுந்தா?"
"டாக்டர், இமயமலை மாதிரி ஒரு பீரோ..."
"கதை வேணாம். எவ்வளவு உயரம்?"
அக்கா என்னைப் பார்த்தாள். பிள்ளை தரையைப் பார்த்தாள். நான் சொன்னேன்.
"ஸ்டூல்தாங்க. முழங்கால் உயரம் இருக்கும்."
எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றது. பழைய படத்தைத் திரும்ப எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார்.
"அந்த உயரத்திலேர்ந்து விழுந்தா இந்த எலும்பு விரியக் கூடாதே. ஏற்கெனவே உள்ள ஏதோ இருந்திருக்கு."
வேறு படம் எடுத்தார்கள். எலும்புக்குள் கறுப்பாக ஒரு குழி. கட்டியா, வெறும் நீர்ப்பையா — ஊசி விட்டு எடுத்துப் பார்த்தால்தான் தெரியுமாம்.

பஸ்ஸில் அக்கா ஒரே ஒரு வார்த்தைதான் பேசினாள். "பீரோன்னியேடா."

மார்ச் 27
முதல் நாளே ஸ்டூல் என்று சொல்லியிருந்தால்? அந்த டாக்டர் அப்போதே யோசித்திருப்பாரோ? — யாருக்குத் தெரியும். எனக்குத் தெரியுது. எனக்குத் தெரியுதே.
மகாராணியிடம் கேட்டேன். "நான் பீரோன்னு புளுகினப்ப நீ ஏன்டி சும்மா இருந்தே?"
"நீங்க சொன்னது நல்லா இருந்துச்சு மாமா. ஸ்டூல்னா யாருமே பாவப்பட மாட்டாங்க."
மொட்டைமாடிக்குப் போய் நின்றேன். காயப்போட்ட துணியெல்லாம் எடுத்தான பிறகும் நின்றுகொண்டிருந்தேன்.

ஏப்ரல் 3
கடையில் ஒருவர் நாற்காலியைக் காட்டி, "உழைக்குமா?" என்றார். "தெரியலீங்க" என்றேன். முதலாளி என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

ஏப்ரல் 9
கட்டி இல்லை. நீர்ப்பைதான். அக்கா ஆஸ்பத்திரிச் சுவரில் சாய்ந்து அழுதாள். நான் பக்கத்தில் போனதும் நகர்ந்து நின்றாள்.

ஜூன் 11
குழியைச் சுரண்டி நிரப்பிவிட்டார்கள். மறுபடி வரலாமாம். வளர வளர அந்தக் கை மற்றதைவிடக் குட்டையாக நின்றுவிடலாமாம். இப்போதெல்லாம் டாக்டர் ஏதாவது கேட்டால், நான் வாயைத் திறக்குமுன் அக்கா பிள்ளையின் பக்கம் திரும்பி, "நீ சொல்லும்மா" என்கிறாள்.
பக்கத்துக் கட்டில் சிறுமி கேட்டாள். "நீ எப்படி விழுந்தே?"
"மாமா, நீங்க சொல்லுங்க. பெருசா."
அக்காவைப் பார்த்தேன். அவள் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள், தடுக்கவில்லை. சொன்னேன். மேகம், கழுகு, படைகள், நின்றுபோன கடிகாரம்.
"பொய்!" என்றாள் சிறுமி.
"முழுக்கப் பொய்தான் கண்ணு. ஒரு ஸ்டூல் மட்டும் நிஜம்." குனிந்து என் முழங்காலைத் தொட்டுக் காட்டினேன். "இவ்வளவு உயரம்."