ஈரத்தோடு அடைத்த விதை

பயண நாள் 188, காலை
விதைநெல் சூடேறிவிட்டது, ஆறு பீப்பாயிலும்.

நான் தவசிக்கனி, நெல் வியாபாரி. செவ்வாய்க் குடியிருப்புக்குச் சரக்குக் கப்பலில் தனியாகப் போகிறேன். அங்கே வயல் முழுக்க ஒரே ரகம் போட்டார்கள். ஒரே நோயில் எல்லாம் போயிற்று. நான் கொண்டுபோவது குழியடிச்சான், உப்பு மண்ணிலும் விளையும். எங்களூர் விதை வங்கியில் எடுத்தது. அந்த வங்கியில் விலை கிடையாது. ஒரு படி எடுத்தால் இரண்டு படி திருப்ப வேண்டும்.

நன்றாகக் காயவைத்து அடைக்கச் சொன்னார்கள். காய்ந்தால் எடை போகும். எடையை விட்டுக்கொடுத்து எனக்குப் பழக்கமில்லை. ஈரத்தோடு மூடிவிட்டேன்.

188, மாலை
வேட்டிகளைக் கிழித்து, நெல்லை முடிந்து, அறை முழுக்கக் கட்டிவிட்டேன். காயவில்லை. என் மூச்சே ஈரம். சாயம் ஏற்றிப் பார்த்ததில் பத்து விதைக்கு ஆறுதான் உயிரோடு.

குடியிருப்பின் விதைப் பொறுப்பாளர் ஜெயராக்கினி அனுப்பியது: "அறுப்புல பாதி வேணும்னு கேட்டீங்களே அண்ணாச்சி, நெல்லு செத்துட்டா எதுல பாதி? வைக்கோல்லயா?"

189
பத்துக்கு நாலு. தூக்கம் இல்லை.

ஒரு வழி உண்டு. அறைக் காற்றை வெளியே திறந்துவிட்டால் ஈரமும் சேர்ந்து போகும். திரும்ப நிரப்பக் காற்று இல்லை. விண்வெளி உடைக்குள் இருக்க வேண்டும். கப்பல் 191-இல் தானே இறங்கிக்கொள்ளும். உடைக் காற்று அதுவரை வருமா, தெரியாது.

"பாதிக்குச் சம்மதமா?" என்று அனுப்பினேன்.

"பாதிய நீங்க அள்ளிட்டா, வீட்டுல விதைன்னு எவன் எடுத்து வைப்பான்? திரும்பவும் ஒரே வயலு, ஒரே நோயிதான். நான் வீடு வீடாப் பிரிச்சுக் குடுக்கேன், ஒண்ணுக்கு ரெண்டாத் திருப்பட்டும். உங்கூரு வங்கியில நீங்க ஒத்துக்கிட்ட கணக்குதானே? காத்தத் திறந்துராதீங்க அண்ணாச்சி. நாலு முளைச்சாலும் போதும்."

இன்று நாலு. நாளை இரண்டு. சரக்கு எனக்குத் தெரியும்.

190
திறந்துவிட்டேன். முடிச்சுகள் ஒரு துள்ளு துள்ளி அடங்கின. தலைக்கவசக் கண்ணாடிக்கு வெளியே சத்தமே இல்லை.

"கூறுகெட்ட மனுசா! பேசாதீங்க, காத்து வீணாப் போகுது."

பேசவில்லை. எழுத்தாகத் தட்டுகிறேன்.

நாள் பார்க்கவில்லை
நெல் கலகலவென்று காய்ந்திருக்கிறது. கையுறைக்குள்ளும் தெரிகிறது. தலை கனக்கிறது. செவ்வாய் ஜன்னல் முழுக்க

ராக்கினி, கணக்கு இதுதான். பாதி வேண்டாம். வீட்டுக்கு ஒரு படி. அறுப்பில் இரண்டு படி உன் விதை வங்கிக்கு. ஒரே இடத்தில் குவிக்காதே. விற்காதே. என் பேரிலும் ஒரு படி எழுது. நான் இறங்காவிட்டால் யாராவது விதைக்கட்டும்.

அதற்கும் இரண்டு படிதான். தள்ளுபடி கிடையா