செல்வி கட்டிய நூல்

புரட்டாசி 28, செவ்வாய்

நான் வடிவமைத்த மடக்கு ஹேங்கர்களில் ஐம்பதைப் போன வாரம் கள்ளக்குறிச்சியில் ஒரு ஜவுளிக்கடைக்குக் கொடுத்திருந்தேன். இரண்டு கைகளையும் கீழே மடக்கினால் பெட்டியில் இடம் மிச்சம். விரித்தால் நடுவில் ஒரு பூட்டு பிடித்துக்கொள்ளும். அந்தப் பூட்டுக்கே மூன்று மாதம் ஆனது.

இன்று போனால் எல்லாவற்றிலும் வெள்ளை நூல். சுடிதார் பிரிவில் நிற்கும் செல்வி, கொக்கியிலிருந்து இரண்டு கை நுனிக்கும் இழுத்துக் கட்டியிருக்கிறார்.

"தீபாவளிக் கூட்டங்க. ஆளாளுக்குத் துணியப் புடிச்சு இழுக்கறாங்க, பூட்டு வுட்டுடுது. நான் குனிஞ்சு பொறுக்கிக்கினே இருக்கணுமா?"

"கட்டிட்டா எப்படிங்க மடக்கறது?"

"கடையில இன்னாத்துக்கு மடக்கணும்?"

எனக்குக் கோபம்தான் வந்தது. முதலாளி பாய் நூலைக் கவனிக்கவே இல்லை. "பெட்டி கம்மியா வருது, நல்லாருக்கு. இன்னும் ஐந்நூறு அனுப்புங்க" என்றார். தலையாட்டிவிட்டு, ஒரு ஹேங்கரை மட்டும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

வீட்டில் அதன் பூட்டைக் கழற்றிப் போட்டேன். நூலே தாங்குகிறது. ஈரப் போர்வையைத் தொங்கவிட்டேன், அப்போதும் தாங்குகிறது. எரிச்சலில் கைகளை மேல்பக்கமாகத் தள்ளினேன். நூல் தளர்ந்து, இரண்டும் கொக்கியோடு ஒட்டி மடங்கிவிட்டன. பூட்டே வேண்டாம், மேலே மடக்கலாம் என்று எனக்கு ஒருநாளும் தோன்றவில்லை.

செல்விக்கும் இது தெரியாது. துணி விழக்கூடாது என்றுதான் கட்டினார். நாளை யாரிடம் முதலில் சொல்வது? பாயிடம் சொன்னால், அந்த ஐந்நூறும் யார் செய்த ஹேங்கர்? சொல்லாமல் நானே செய்துவிட்டால்?

முடிச்சை அவிழ்த்துப் பார்க்க உட்கார்ந்தேன். அவர் எப்படிப் போட்டார் என்றே இன்னும் பிடிபடவில்லை.