எட்டு கிலோ அறுநூறு

பாப்பாவின் அப்பாவுக்கு,

அன்பான வணக்கம். உங்கள் முதுகுவலி தேவலையா? பாப்பாவுக்குச் சளி விட்டதா? நான் வேளைக்குச் சாப்பிடுகிறேன், கவலை வேண்டாம்.

நேற்று வகுப்பில் ஒரு வேடிக்கை. எண்களைக் கொடுத்தால் கோடு வரைந்து காட்டும் கால்குலேட்டரில், வீட்டுக் கணக்கு ஏதாவது போடச் சொன்னார்கள். எனக்கு மனப்பாடமாகத் தெரிந்தது பாப்பாவின் எடைதான். முதல் மாதம் நாலு கிலோ, மூன்றாம் மாதம் ஆறு, நான் படிக்கக் கிளம்பிய ஆறாம் மாதம் ஏழு. தவறுதலாக அடுக்குக் கணக்கை அழுத்திவிட்டேன். கோடு மேலே பறந்து, இந்தப் பதினைந்தாம் மாதத்துக்குப் பத்தொன்பது கிலோ என்றது!

"பொண்ணைப் பெத்தியா, யானைக்குட்டியப் பெத்தியா?" என்று பக்கத்து இருக்கைக்காரி சிரித்தாள்.

மடக்கைக்கு, அதான் 'லாக்' கணக்குக்கு, மாற்றினேன். விறுவிறுவென ஏறி, பிறகு நிதானமாகும் கோடு. எட்டு கிலோ அறுநூறு என்றது. சரியா தப்பா என்று பார்க்க, ஆறாம் மாதத்துக்குப் பிந்திய எடை எதுவும் என்னிடம் இல்லை.

ஞாயிறன்று வீடியோ போனில் அவள் உங்களை "அம்மா" என்றாள். "அடியேய், நான் அப்பாடி! அம்மா இதோ போன்ல இருக்கா பாரு" என்று பதறினீர்கள். அவளோ உங்கள் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். இனி திருத்தாதீர்கள். அவள் அம்மா என்றால் யாராவது திரும்பிப் பார்க்க வேண்டுமே.

தடுப்பூசிக்குப் போகும்போது எடை பார்த்து எழுதுங்கள். எட்டு கிலோ அறுநூறுக்குப் பையில் புத்தகங்களை நிறுத்து வைத்து, இடுப்பில் தூக்கிக்கொண்டு அறைக்குள் நடக்கிறேன். கூடக்குறைய இருந்தால் மாற்றிக்கொள்வேன்.

துணி துவைக்கும் மெஷின் நின்றுவிட்டது, ஓடுகிறேன்.

உங்கள்,
பாப்பாவின் அம்மா