ஒண்ணும் இல்லைங்க

தம்பி,

இரண்டு மாத்திரைகள் உள்ளங்கை வியர்வையில் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. ஒன்று சர்க்கரைக்கு, ஒன்று ரத்தக்கொதிப்புக்கு. அட்டையைக் கிழித்ததும் வந்த கசப்பு வாடையில் உன் சட்டை ஞாபகம் வந்துவிட்டது. சென்னையிலிருந்து நீ திரும்பும்போதெல்லாம் அதில் இதே வாடைதான் அடிக்கும். இவற்றை முதன்முதலாக எழுதிக்கொடுத்த அன்று, "ரெண்டையும் சேத்தே போடலாங்களா?" என்று டாக்டரிடம் கேட்டேன். "தாராளமா போடுங்கம்மா. ஆரோக்கியமான ஆளுங்களுக்குக் குடுத்துப் பாத்துட்டுத்தான் விக்கவே விடறாங்க. ஒண்ணும் ஆகாது" என்றார். அப்படிப்பட்ட ஆரோக்கியமான ஆள் ஒருத்தன் என் தம்பி என்று அவரிடம் எப்படிச் சொல்வேன்?

கல்வராயன் மலையில் மரவள்ளி மூட்டை தூக்கிக்கொண்டிருந்தவன் நீ. வேலை இல்லாத ஒரு மாசத்தில் எவனோ உன்னைச் சென்னைக்குக் கூட்டிப்போனான். மருந்துகளைச் சோதித்துப் பார்க்கும் இடம். கட்டில், டிவி, வேளாவேளைக்குச் சோறு, முடிந்ததும் கையில் பணம். முதலில் ஒரு மருந்து, பிறகு இன்னொன்று, கடைசியில் இரண்டும் சேர்த்து. ஒவ்வொரு தடவையும் ரத்தம் எடுப்பார்கள்.

"ரெண்டும் உள்ள போயி மாமியா மருமவ மாதிரி சண்ட போடுதான்னு பாக்கறாங்கக்கா" என்று சிரித்தாய்.

"உன்ன ஏண்டா எடுத்தாங்க?"

"ஒண்ணும் இல்லாத ஆளுதான் வேணுமாம். எனக்கு ஒடம்புலயும் ஒண்ணும் இல்ல, கையிலயும் ஒண்ணும் இல்ல."

நானும் சேர்ந்துதான் சிரித்தேன்.

கடைசியாக வந்தபோது அந்தச் சிரிப்பு இல்லை. தியாகதுருகத்தில் என் வீட்டு அடுப்படியில் உட்கார்ந்து சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாய், வாயில் வைக்கவில்லை.

"ரெண்டையும் சேத்துக் குடுத்ததுலேர்ந்து தல சுத்திக்கினே இருக்குதுக்கா. நெஞ்சு படபடன்னு அடிக்குது."

"அத அங்க சொன்னியாடா?"

"தெனம் கேக்கறாங்க. ஒண்ணும் இல்லைங்கன்னுட்டேன்."

"ஏண்டா பாவி?"

"அவ்ளோ பெரிய டாக்டரு நம்மகிட்ட மருவாதியா கேக்கறாரு. இன்னான்னு சொல்றது? சொன்னா அடுத்த வாட்டி கூப்புட மாட்டாங்க."

அதற்கப்புறம் நைனார்பாளையத்தில் மக்காச்சோளம் ஒடிக்கப் போன இடத்தில் விழுந்தாய். எழுந்திருக்கவே இல்லை. மருந்தாலா, வெயிலாலா, யாருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ள யாரும் மெனக்கெடவும் இல்லை. உன் வீடு, விஷச் சாராயம் குடித்து அத்தனை பேர் செத்த கருணாபுரம் என்றதும் "சாராயமா?" என்றுதான் கேட்டார்கள். குடித்தால் ரத்தத்தில் தெரிந்துவிடும், சேர்க்க மாட்டார்கள் என்று ஒரு சொட்டுகூடத் தொடாதவனடா நீ. தொண்டை கிழியக் கத்தினேன். ஒருத்தரும் நம்பவில்லை.

உனக்குக் கொடுத்ததும் இதே மாத்திரைகள்தானா என்று எனக்குத் தெரியாது. அவற்றின் பேர் உனக்கே தெரியாதே. ஆனால் அந்த டாக்டரிடம் நீ சொன்ன "ஒண்ணும் இல்லைங்க"வை எங்கேயோ அப்படியே எழுதி வைத்திருப்பார்கள். பக்கத்துக் கட்டில்காரனும் அதையேதான் சொல்லியிருப்பான். அதை நம்பி ஊரே முழுங்குகிறது.

கொஞ்ச நாளாக எனக்கும் தலை சுற்றுகிறது. இன்று காலை மாத்திரை வாங்கப் போகும்போது, இதைச் சொல்லியே தீருவது என்று பஸ்ஸில் உட்கார்ந்து மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். உன் கதையையும் சேர்த்துத்தான். என் முறை வந்தது. டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார். "மாத்திரை ஒத்துக்குதாம்மா? ஏதாவது தொந்தரவு இருக்கா?" என்று மரியாதையாகத்தான் கேட்டார்.

நாற்காலியை விட்டு எழுந்து நின்றேன், தம்பி. "ஒண்ணும் இல்லைங்க" என்றேன்.