நீ பிடுங்கிக்கொண்ட எழுதும் உரிமை

உன் நாற்காலியின் முதுகில் நீ மறந்துவிட்டுப் போன பச்சைத் துப்பட்டா இன்னும் கிடக்கிறது. இன்று காலை ஏசி காற்றில் அது அசைந்தபோது, நீதான் எழுந்திருக்கிறாய் என்று திரும்பிவிட்டேன். சாதாரணக் காய்ச்சல் என்று பூந்தமல்லி வீட்டுக்குக் கிளம்பியவள் நீ. அப்புறம் நீ வரவில்லை, உன் சாவுச் செய்திதான் வந்தது.

வானகரத்து மருத்துவமனையின் கணினி அறையில் நாம் இருவர்தான். எந்த நோயாளியின் பதிவையும் யாரையும் கேட்காமல் மாற்றும் அதிகாரம் நம் இருவருக்கும் இருந்தது. ஒருநாள் ஒரு நோயாளியின் ரத்த வகையை மட்டும் திருத்தப் போனாய். கட்டளையில் அவருடைய எண்ணைப் போட மறந்ததால் மாற்றம் எல்லாப் பதிவுகளிலும் விழுந்துவிட்டது. சற்று நேரத்தில் வார்டிலிருந்து நர்ஸ் கூப்பிட்டார்.

"இன்னாம்மா, எல்லாருக்கும் ஓ பாசிட்டிவ்னு காட்டுது?"

யாருக்கும் ரத்தம் ஏற்றுவதற்குள் பழைய நகலிலிருந்து மீட்டுவிட்டோம். நீ அழவில்லை. சாப்பிடவும் இல்லை. மறுநாளே மேலாளரிடம் பேசி உன் எழுதும் உரிமையை நீயே எடுத்துவிட்டாய். அடுத்து என்னுடையதை. இனி பதிவுகளைப் பார்க்கலாம், அவ்வளவுதான். மாற்ற வேண்டுமென்றால் ஒருவர் கேட்க, இன்னொருவர் சரிபார்த்துக் கொஞ்ச நேரத்துக்குத் திறந்துவிட வேண்டும்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "என் மேல நம்பிக்கை இல்லையாடி?"

"என் மேலயே இல்லடி. உன் மேல எப்படி வரும்?"

ஒரு வாரம் உன்னோடு பேசவில்லை.

இன்று, அறுவை சிகிச்சைக்குக் காத்திருந்த ஒரு பெண்ணின் ரத்த வகை தவறாகப் பதிவாகியிருந்தது. உடனே திருத்தச் சொன்னார்கள். கேட்க நான் இருந்தேன். திறந்துவிட நீ இல்லை. மேலாளர் என் மேசையருகே வந்து நின்றார். "அவங்க பாஸ்வேர்டை மாத்தித் தரச் சொல்றேன். கேக்குறதும் திறந்துவிடுறதும் நீயே பண்ணிக்கம்மா."

சுலபம்தான். விரல்கள்கூடத் தயாராக இருந்தன. "வேணாம் சார்" என்று எழுந்து, ரத்த வங்கி டாக்டரைத் தேடி மாடிக்கு ஓடினேன். அவர் டிபன் டப்பாவை மூடிவிட்டு வந்து, பரிசோதனைத் தாளையும் திரையையும் மாறி மாறிப் பார்த்த பிறகே தன் லாகினிலிருந்து திறந்துவிட்டார். அதற்குள் அந்தப் பெண்ணின் கணவர் வாசலில் கத்தத் தொடங்கிவிட்டார். "உள்ள இன்னா பண்ணிக்கினு கீறீங்க? எம் பொண்டாட்டி காலைலேர்ந்து பட்டினியா கெடக்குறா!"

திருத்தம் சரியாகவே இருந்தது. டாக்டர் பார்க்காவிட்டாலும் ஒன்றும் ஆகியிருக்காது. அந்தப் பெண் நல்லபடியாக வார்டுக்குத் திரும்பினாள். ஆனாலும் அந்தக் கணவரின் முகத்தை என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

உன் இடத்துக்கு ஆள் வரும்வரை அவரே சரிபார்க்க முடியுமா என்று மாலையில் டாக்டரிடம் கேட்டேன். "கூப்பிடும்மா. திட்டிக்கிட்டேதான் வருவேன். ஆனா வருவேன்" என்றார். மேலாளர் முணுமுணுத்துக்கொண்டே சம்மதித்தார். உன் லாகினை மூடிவிட்டோம்.

சென்னீர்குப்பத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி வீடு வந்தும் மனம் அடங்கவில்லை. அடுப்பை அணைத்தேனா என்று போய்ப் பார்த்தேன். படுத்த பிறகு எழுந்து மறுபடியும் பார்த்தேன். முன்பெல்லாம் நான் இப்படி இல்லை. உன்னிடமிருந்து ஒட்டிக்கொண்ட பதற்றம் இது. அதை உதறிவிட எனக்கு மனமில்லை.